திங்கட்கிழமை அட்மிஷன்: தள்ளிப்போன ஓர் ஆபரேஷனும் அதன்பின் நாங்கள் மாற்றியவையும்

சென்னையில் நடுத்தர அளவுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் பொறுப்பாளராக இருக்கிறேன். எங்கள் வேலையில் அவசர கேஸ்களைப் பற்றி நிறையப் பேசுவோம், கூட்டம் போடுவோம், ஒத்திகை பார்ப்போம். நாள் குறித்து, பெட்டி கட்டிக்கொண்டு, தாங்களாகவே நடந்து வந்து சேர்கிற ஆபரேஷன் நோயாளிகளைப் பற்றி அந்த அளவுக்குப் பேசியதில்லை. அவர்கள் வருவது ஒரு வாரத்துக்கு முன்பே தெரியும் என்பதால், அதில் என்ன பிரச்சினை வரப்போகிறது என்ற நினைப்பு. அந்த நினைப்பு தவறு என்று எனக்குக் காட்டியது ஒரு கேஸ். நோயாளியின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

அந்த அம்மாவுக்கு 56 வயது. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் ஒரு கிராமம். பித்தப்பையில் கல், அடிக்கடி வலி. பத்து வருடமாகச் சர்க்கரை. மகனும் மருமகளும் சென்னையில் இருப்பதால் இங்கே எங்கள் அறுவை சிகிச்சை டாக்டரிடம் ஓ.பி.யில் காட்டினார்கள். லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றைத் திறக்காமல் சின்னத் துளைகள் வழியாக, பித்தப்பையை எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. டாக்டரின் தியேட்டர் நாள் செவ்வாயும் வெள்ளியும். செவ்வாய் என்றதும் குடும்பம் கொஞ்சம் தயங்கியது. வெள்ளிக்கிழமை ஏற்கெனவே நிறைந்திருந்தது. சரி, செவ்வாய்க்கே ஒத்துக்கொண்டார்கள். "திங்கட்கிழமை காலையில 8 மணிக்கு வந்து அட்மிட் ஆயிடுங்க, வெறும் வயித்துல வாங்க" என்று சொல்லி அனுப்பினோம். அந்த ஒரு வரிதான் நாங்கள் கொடுத்த மொத்த வழிகாட்டுதலும்.

அந்தத் திங்கட்கிழமை

விடியற்காலை 4 மணி பஸ்ஸில் ஏறிக் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து மகனோடு ஆட்டோவில் வந்திருக்கிறார்கள். 8.30-க்கே மருத்துவமனை வாசலுக்கு வந்தாகிவிட்டது. ஆனால் திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை ராகு காலம். எதிரே இருந்த பிள்ளையார் கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டு 9 மணிக்கு மேல் உள்ளே வந்தார்கள். அதே கணக்கைப் போட்டுத்தான் இன்னும் பல குடும்பங்களும் வந்தன. கவுண்டரில் இருந்த இரண்டு பேர் 8-லிருந்து 9 வரை சும்மா இருந்துவிட்டு, 9.05-க்கு மூச்சுத் திணறிப் போனார்கள்.

அந்த அம்மாவின் முறை 9.50-க்கு வந்தது. ஆதாரில் இருந்த பெயருக்கும் காப்பீட்டு அட்டையில் இருந்த பெயருக்கும் இனிஷியல் பொருந்தவில்லை. ஆதாரில் அப்பா பெயரின் முதல் எழுத்து. மகன் வேலை செய்யும் கம்பெனி கொடுத்த பாலிசியில் கணவர் பெயரின் முதல் எழுத்து. தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் எத்தனையோ பேருக்கு இதே நிலைமைதான். காப்பீட்டு டெஸ்கில் இருந்த பையன் உறுதிமொழிக் கடிதம் கேட்டான். மகன் கம்பெனியின் எச்.ஆர்.-ஐ போனில் பிடித்து, அவர்களிடமிருந்து மெயில் வாங்குவதற்குள் 11.40 ஆகிவிட்டது.

அப்புறம் அறை. எந்த அறை வேண்டும் என்று கேட்டபோது, அம்மா வசதியாக இருக்கட்டும் என்று மகன் தனி அறை கேட்டார். அவர் பாலிசியில் அறை வாடகைக்கு உச்ச வரம்பு இருந்தது. வரம்புக்கு மேல் வாடகை உள்ள அறையை எடுத்தால், வாடகையின் வித்தியாசம் மட்டும் கையிலிருந்து போவதில்லை. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் என மற்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். இந்தச் செய்தி மகனுக்குத் தெரிந்தது மதியம் 1 மணிக்கு. இரண்டு பேர் தங்கும் அறைக்கு மாற்றச் சொன்னார். அந்த வகையில் அறை காலியில்லை. காத்திருந்தார்கள்.

கட்டில் கிடைத்தபோது மணி 4.40. அதுவரை அந்த அம்மா எதுவும் சாப்பிடவில்லை. 'வெறும் வயிறு' என்றால் ஆபரேஷன் முடியும் வரை என்று புரிந்துகொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டதுதான். மருமகள் பலமுறை டீயாவது குடிங்கள் அத்தை என்றிருக்கிறாள், அவர் மறுத்துவிட்டார். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் காலையில் போட்டிருந்தார். டாக்டர் ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று சொன்ன மாத்திரை அல்லவா.

வார்டுக்கு வந்ததும் ரத்தம் எடுத்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மயக்க மருந்து டாக்டர் வேறொரு மருத்துவமனையில் கேஸ் முடித்துவிட்டு ராத்திரி 8.15-க்குப் பார்க்க வந்தார். என்னென்ன மாத்திரை என்று கேட்டார். மருமகள் பையிலிருந்து அட்டைகளை எடுத்துக் காட்டினாள். ஒன்று மெட்ஃபார்மின். இன்னொன்று டாபாகிளிஃப்ளோசின்.

டாக்டர் அந்த அட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. நல்ல மருந்துகள்தான், இப்போது சென்னையில் ஏராளமான பேர் போடுகிறார்கள். ஆனால் இவற்றைப் போட்டுக்கொண்டு பட்டினியும் கிடந்து ஆபரேஷனும் நடந்தால், உடம்பில் கீட்டோன் அமிலம் ஏறிவிடும் ஆபத்து உண்டு. மோசமான விஷயம், குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இது நடக்கலாம். அதனால் நாம் ஏமாந்துவிடுவோம். இந்த மாத்திரைகளை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் மருந்தின் வழிகாட்டுக் குறிப்பிலேயே சேர்த்தது.

ஆபரேஷன் தள்ளிப்போனது. கீட்டோன் பார்த்தோம், டிரிப்ஸ் ஏற்றினோம், சாப்பாடு கொடுத்தோம், மறுநாள் மதியம் அனுப்பி வைத்தோம். வெறும் பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் காப்பீடு தராது. சிகிச்சை நடக்காததால் அந்தச் செலவு அவர்கள் தலையில் விழுந்தது. அறை வாடகையை நிர்வாகம் தள்ளுபடி செய்தது. டெஸ்டுகளுக்கான பணத்தை மகன் கட்டினார். இரண்டு நாள் லீவும் போயிற்று. போகும்போது அந்த அம்மா என்னிடம், "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டனா சிஸ்டர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. நாங்கள் சொன்னதை எல்லாம் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் செய்தவர் அவர்.

பின்னோக்கி நடந்து பார்த்தது

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அந்த நாளைக் கடைசியிலிருந்து முதல் வரை பின்னோக்கி நடந்தேன். யாரைக் குற்றம் சொல்வது என்று தேடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். அப்படித் தேடினால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

மாத்திரையிலிருந்து தொடங்கினேன். ஓ.பி. ஃபைலில் அந்த அம்மாவின் ஊர் டாக்டர் எழுதிய சீட்டின் நகல் இருந்தது. மாத்திரையின் கம்பெனிப் பெயர் அதில் தெளிவாகவே இருந்தது. ஓ.பி.யில் ஜூனியர் டாக்டர் 'சர்க்கரை நோய், மாத்திரையில் இருக்கிறார்' என்று எழுதியிருந்தார். அதுவும் தவறில்லை. அதாவது எங்களுக்கு வேண்டிய தகவல் பன்னிரண்டு நாள் முன்பே எங்கள் கட்டிடத்துக்குள் வந்துவிட்டது. அந்தத் தகவலின் அர்த்தம் தெரிந்த ஆள் அதைப் பார்த்தது ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி 8.15-க்கு.

இந்த இடத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை நினைத்துக்கொண்டேன். 2008-ல் வந்த அந்தப் பட்டியலில் 19 கேள்விகள், மூன்று கட்டங்கள். நாங்கள் அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறோம். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் பெயர், ஆபரேஷன், சம்மதம், ஒவ்வாமை எல்லாம் கேட்கிறோம். அருமையான பட்டியல் அது. ஆனால் அது தியேட்டருக்குள் கேட்கப்படுவது. அங்கே ஒரு பதில் சரியில்லை என்றால் செய்யக்கூடியது ஆபரேஷனை நிறுத்துவது மட்டுமே. சரிசெய்ய நேரம் இருக்காது. அந்தக் கேள்விகளில் சிலவற்றையாவது நோயாளி வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்து, கட்டில். அந்த அம்மாவுக்குக் கடைசியில் கிடைத்த கட்டிலில் இருந்தவர் யார் என்று பார்த்தேன். அவரைக் காலை 9 மணி ரவுண்ட்ஸில் டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆனது 12.30. பயன்படுத்தாத மருந்துகளை ஃபார்மஸியில் திருப்பிக் கொடுத்துக் கணக்கு முடித்தது 1.10. பில் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போனது 1.30. இறுதி அப்ரூவல் வந்தது 3.35. அவர் கிளம்பி, அறையைச் சுத்தம் செய்து, விரிப்பு மாற்றி 4.30. கீழே லாபியில் ஒருவர் பட்டினியாகக் காத்திருந்ததும், மேலே இன்னொருவர் உடை மாற்றித் தயாராகக் கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்ததும் ஒரே தாமதத்தின் இரண்டு முனைகள். அட்மிஷன் கவுண்டரில் கூட்டம் என்று இத்தனை வருடம் கவுண்டரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

காப்பீட்டு நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கை வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. நாங்கள் பார்த்த கேஸில் கம்பெனி எடுத்துக்கொண்டது இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம், விதிக்குள்தான். 9 மணியிலிருந்து 1.30 வரையிலான நாலரை மணி நேரம் முழுக்க எங்களுடையது. இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நோட்டில் மணி எழுதியிருந்ததால் மறுக்கவும் முடியவில்லை.

முதல் போன்

அந்த அம்மாவுக்கு மறுபடி நாள் குறித்தோம்: அடுத்த செவ்வாய்க்கு அடுத்த வெள்ளி. ஒரு வாரம் முன்பே நானே போன் செய்தேன். மகனின் எண்தான் ஃபைலில் இருந்தது. அவர் வேலையில் இருந்தார், "எல்லாம் ஓகே மேடம்" என்றார். எனக்குத் திருப்தியில்லை. மருமகளின் எண்ணை வாங்கி, அவள் மூலமாக மாமியாரிடம் பேசினேன்.

"அம்மா, காலையில எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன மாத்திரை போடுறீங்க? அட்டையைக் கையில எடுத்துட்டு வாங்க, நான் லைன்ல இருக்கேன்."

மருமகள் ஒவ்வொன்றாகப் படித்தாள். மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டு, எதை எந்தக் கிழமை முதல் நிறுத்துவது, அந்த நாள்களில் சர்க்கரை ஏறாமல் இருக்க என்ன செய்வது என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். ஊர் டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். பேச்சை முடிக்கும் நேரத்தில் அந்த அம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: "மூக்குத்தியைக் கழட்டணுமா சிஸ்டர்? கல்யாணத்துக்குப் போட்டது. இதுவரைக்கும் கழட்டுனதே இல்ல."

இதைப் படிக்கும் நர்ஸ்கள் எல்லோருக்கும் இந்தக் காட்சி தெரியும். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துக்கொண்டு, சோப்புத் தண்ணீர் விட்டு மெட்டியைக் கழற்றுவோம், திருகு இறுகிப்போன மூக்குத்தியோடு போராடுவோம். நோயாளி அழுவார். ரத்தக்குழாயை மின்சாரத்தால் சுட்டு அடைக்கும் கருவி இருப்பதால் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அந்த அம்மாவை ஊரிலேயே பத்தரிடம் போய்க் கழற்றி வரச் சொன்னேன். தாலிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு வரலாம் என்றேன். அவர் குரலில் நிம்மதி வந்தது. இந்த ஒரு விஷயம் எந்த மருத்துவ வழிகாட்டுதலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. போனில் பேசியதால் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனார்.

மாற்றியவை

ஒரு போனால் சரியானதை வைத்து நிர்வாகத்திடம் பேசினேன். அவர்களும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். டோக்கன் மிஷின் வாங்கலாம் என்பது அவர்களின் யோசனை. வரிசை ஒழுங்காக நிற்கும், உண்மைதான். ஆனால் வரிசை எதனால் வருகிறதோ அது அப்படியே இருக்கும் என்று சொன்னேன். நோட்டில் இருந்த மணிக் கணக்கைக் காட்டினேன். மிஷினுக்குப் பதிலாக ஓ.பி.க்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு போன், ஒரு சீனியர் சிஸ்டர் கேட்டேன். கொடுத்தார்கள்.

இப்போது டாக்டர் "ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று சொன்ன அன்றே நோயாளி அந்த அறைக்கு வருகிறார். அட்மிஷன் அங்கேயே ஆரம்பிக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். சிஸ்டர் மாத்திரை அட்டைகளைப் பார்க்கிறார். அட்டை இல்லையென்றால் வீட்டில் இருப்பவரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார். எங்கள் கவனம் முக்கியமாகச் சில மாத்திரைகளின் மேல்: சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் வகை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்றவை. வார்ஃபரினைப் பொதுவாக 5 நாள் முன்பு நிறுத்துவார்கள், க்ளோபிடோக்ரெலை 5 முதல் 7 நாள் முன்பு. ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு நிறுத்துவதே ஆபத்தாக இருக்கலாம். அதனால் எதையும் சிஸ்டர் தானாக நிறுத்தச் சொல்லக் கூடாது. இதய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் எழுதித் தர வேண்டும். லேகியம், நாட்டு மருந்து பற்றியும் கேட்கிறோம். "அதெல்லாம் மருந்தா சிஸ்டர்" என்று சொல்பவர்களிடம்தான் அதிகமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதில் நாங்கள் முதலில் ஒரு தப்பு செய்தோம். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு போன் செய்வது என்று திட்டம் போட்டோம். 3 நாள் முன்பு நிறுத்த வேண்டிய மாத்திரையை 2 நாள் முன்பு கேட்டு என்ன பயன்? தொடங்கி ஒரு மாதத்துக்குள் அதே வகை மாத்திரையால் இன்னொரு ஆபரேஷன் தள்ளிப்போனது. அதற்குப் பிறகுதான் மாத்திரைக் கேள்வி ஓ.பி. நாளுக்கும் ஒரு வாரம் முந்தைய போனுக்கும் நகர்ந்தது. இரண்டு நாள் முந்தைய போன் இப்போது உறுதிப்படுத்த மட்டும்: நிறுத்தினார்களா, காய்ச்சல் சளி உண்டா, யார் கூட வருகிறார்கள், நகையைக் கழற்றியாயிற்றா.

மயக்க மருந்து டாக்டரின் பரிசோதனையை முன்னால் கொண்டுவருவதுதான் கடினமாக இருந்தது. சென்னையில் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் மயக்க மருந்து டாக்டர்கள் கேஸுக்கு வந்து போகிறவர்கள். காலையில் ஓரிடம், மாலையில் வேறிடம். ஓ.பி.யில் உட்கார்ந்து ஃபிட்னஸ் (மயக்க மருந்துக்கு உடம்பு தயாரா என்பது) பார்த்தால் அந்த நேரத்துக்கு யார் பணம் தருவது, தான் பார்த்த நோயாளிக்கு அன்று வேறொருவர் மயக்க மருந்து கொடுத்தால் பொறுப்பு யாருடையது என்று நியாயமான கேள்விகளைக் கேட்டார்கள். ஆபரேஷன் கட்டணத்துக்குள்ளேயே அந்தப் பரிசோதனைக்கான தொகையைத் தனியாக ஒதுக்கினோம். வாரத்தில் மூன்று நாள் மதியம் 2 முதல் 4 வரை ஒருவர் உட்காருகிறார். அவர் எழுதும் குறிப்பு ஒரே தாளில், எல்லோருக்கும் புரியும்படி. தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பவர் மறுபடி நோயாளியைப் பார்ப்பார், ஆனால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்காது. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் ஃபிட்னஸும் ஒரே நாளில் முடித்துத் தருகிறோம். இதற்காக இன்னொரு முறை போளூரிலிருந்தோ நெல்லூரிலிருந்தோ பஸ் ஏறி வரச் சொல்வது நியாயமில்லை.

'வெறும் வயிறு' என்ற சொல்லை எங்கள் தாள்களிலிருந்து எடுத்துவிட்டோம். பதிலாக மணி எழுதுகிறோம். திட உணவு ஆபரேஷனுக்கு 6 மணி நேரம் முன்பு வரை, எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் 8 மணி நேரம். பால் கலந்த காபி, டீயும் 6 மணி நேரக் கணக்கில்தான். வெறும் தண்ணீர், பால் சேர்க்காத கடுங்காப்பி 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். உலகம் முழுக்க மயக்க மருந்து டாக்டர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு இது. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகலாம் என்பதால் அவர்களுக்கு டாக்டர் தனியாக நேரம் எழுதுவார். தாளில் 'காலை 6 மணிக்கு மேல் தண்ணீரும் வேண்டாம்' என்று பேனாவால் நிரப்பிக் கொடுக்கிறோம். நம் ஊரில் டீ குடிப்பதைச் சாப்பிட்டதாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் "காலையில டீ குடிச்சீங்களா?" என்று தனியாகக் கேட்க வேண்டும் என்பதையும் சிஸ்டர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

கவுண்டர் நேரத்தை மாற்றியது சுலபமாக முடிந்தது. எல்லோரையும் 8 மணிக்கு வரச் சொல்வதை விட்டோம். இரண்டு நாள் முந்தைய போனில், "எத்தனை மணிக்கு உள்ளே வர விரும்புறீங்க?" என்று கேட்கிறோம். திங்கட்கிழமை சிலர் 7.30-க்கு முன் வருகிறோம் என்பார்கள், சிலர் 9-க்கு மேல் என்பார்கள். வெள்ளிக்கிழமையில் 10.30-க்கு முன்னும் 12-க்குப் பின்னும். அஷ்டமி, நவமியில் அட்மிஷன் குறையும், அதற்கு அடுத்த நாள் கூடும். எங்கள் ரோஸ்டர் போடும் சிஸ்டரின் மேஜையில் இப்போது தினசரிக் காலண்டர் தொங்குகிறது. நல்ல நேரம் பார்ப்பது சரியா தவறா என்ற விவாதத்துக்கு நாங்கள் போகவில்லை. பயத்தோடு வருகிற ஒருவருக்கு மனசு நிம்மதியாக இருக்கிறது, எங்களுக்கும் கூட்டம் பிரிகிறது.

காப்பீட்டுத் தாள்களும் ஓ.பி. நாளிலேயே சரிபார்க்கப்படுகின்றன. திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பாகவே தகவல் கொடுங்கள் என்று பெரும்பாலான பாலிசிகளிலேயே எழுதியிருக்கிறது. நாங்கள்தான் அட்மிஷன் அன்று காலை வரை அனுப்பாமல் வைத்திருந்தோம். இனிஷியல் பொருந்தாதவர்கள் ஒரு வாரம் முன்பே கடிதம் வாங்கிவிடுகிறார்கள். எந்த அறை வரை வெட்டு விழாது என்பதை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருபவர்களுக்கும் இதே முறைதான். 2012-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை விஷயத்தில் ஊருக்குப் போய்வர வேண்டியிருந்தால், அதை முன்பே சொல்வது எவ்வளவு பெரிய உதவி என்று அலைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சம்மதப் படிவம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முன்பு ராத்திரி 10 மணிக்கு மேல் ட்யூட்டி டாக்டர் ஃபைலோடு வருவார். பெரும்பாலும் மகனோ கணவரோ கையெழுத்துப் போடுவார். நோயாளி கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வயது வந்த, தானே முடிவெடுக்கக்கூடிய நோயாளிக்கு அவசரமில்லாத அறுவை சிகிச்சை செய்வதென்றால் அவருடைய சம்மதம்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் நோயாளி மயக்கத்தில் இருந்தபோது தாயாரிடம் சம்மதம் கேட்டிருந்தார்கள். அது போதாது என்றது நீதிமன்றம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. என்ன செய்யப்போகிறார்கள், லேப்ராஸ்கோபியில் முடியாவிட்டால் வயிற்றைத் திறக்க வேண்டி வரலாம் என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு நேராகச் சொல்லப்பட வேண்டும். இப்போது படிவத்தைத் தமிழில் ஓ.பி. நாளிலேயே கையில் கொடுத்து அனுப்புகிறோம். வீட்டில் படிக்கலாம், பள்ளிக்கூடம் போகிற பேத்தி படித்துக் காட்டலாம். கேள்விகளோடு வருகிறார்கள். டாக்டர் பகல் நேரத்தில் பதில் சொல்லி, நோயாளியிடமே கையெழுத்து வாங்குகிறார். தெலுங்கு பேசுபவர்களுக்குத் தெலுங்குப் படிவமும், அந்த மொழி பேசும் ஒரு சிஸ்டரும் உண்டு.

முந்தின நாள் சாயங்காலம் பிளேடால் முடியை மழிப்பதையும் நிறுத்தினோம். அதனால் ஏற்படும் நுண்ணிய கீறல்களில் தொற்று வரலாம் என்பதால், கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. தேவைப்பட்டால் முடியை வெட்டும் கிளிப்பர் மட்டும்.

டிஸ்சார்ஜ் பக்கம் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. நாளைக்கு யார் போகக்கூடும் என்று மாலை ரவுண்ட்ஸிலேயே டாக்டர் சொல்ல வேண்டும், சம்மரியின் வரைவும் மருந்து திருப்புவதும் அன்று ராத்திரியே முடிய வேண்டும் என்று வைத்தோம். சில டாக்டர்கள் உடனே ஒத்துழைத்தார்கள். சிலர் "காலையில் பார்த்துட்டுதான் சொல்வேன்" என்றார்கள். நோயாளியின் நிலை ராத்திரியில் மாறலாம், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வரைவு என்றால் வரைவுதான், காலையில் திருத்தலாம் என்று பேசிப் பேசித்தான் நடந்தது.

மதுரையில் கற்றது

இந்த வேலையில் எனக்குத் தைரியம் கொடுத்தது அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. கண்புரை ஆபரேஷனில் அங்கே ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி எல்லாத் தயாரிப்பும் முடிந்து காத்திருப்பார். அந்தத் தயாரிப்பை டாக்டர்கள் செய்வதில்லை, நன்றாகப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் செய்கிறார்கள். பித்தப்பை ஆபரேஷனைக் கண்புரை போல நடத்த முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் டாக்டரின் நேரத்தை வீணாக்காமல் இருக்க, டாக்டர் வருவதற்கு முன்பே முடிக்கக்கூடியதை எல்லாம் முடித்துவிடுவது நம் தமிழ்நாட்டிலேயே இத்தனை வருடமாக நடந்துவருகிறது. நாம் அதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு நம் கவுண்டருக்குத் திரும்பிவிடுகிறோம்.

நின்றதும் நிற்காததும்

தியேட்டர் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினோம். தள்ளிப்போன ஒவ்வொரு ஆபரேஷனும் அதில் ஒரு வரி: தேதி, காரணம். ஆள் பெயர் கிடையாது. ஆரம்பத்தில் 'மாத்திரை', 'டீ குடித்துவிட்டார்', 'ஃபிட்னஸ் இல்லை', 'அப்ரூவல் வரவில்லை' என்ற வார்த்தைகள் அடிக்கடி வந்தன. இப்போது பெரும்பாலும் 'காய்ச்சல்', 'அவசர கேஸ் வந்தது', 'ஐ.சி.யூ.வில் கட்டில் இல்லை'. தள்ளிப்போவது நின்றுவிடவில்லை. ஆனால் முன்கூட்டி ஒரு கேள்வி கேட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று சொல்லும்படியான காரணங்கள் பலகையில் அரிதாகிவிட்டன. மதியத்துக்கு மேல் லாபியில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவர்களை இப்போது முன்பைப் போலப் பார்ப்பதில்லை.

சில முயற்சிகள் தோற்றன. போனுக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வித்தாளை அனுப்பிப் பார்த்தோம், சிஸ்டரின் நேரம் மிச்சமாகும் என்று. மகன்கள் நிரப்பி அனுப்பினார்கள், எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'. அம்மா என்ன மாத்திரை போடுகிறார் என்பது பல மகன்களுக்குத் தெரியாது. மருமகளுக்கோ மகளுக்கோ தெரியும். அதனால் இப்போது ஓ.பி.யிலேயே, "வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்?" என்று கேட்டு அவருடைய எண்ணை வாங்கிக்கொள்கிறோம். போன் செய்ய நல்ல நேரம் காலை 10-லிருந்து 12 வரை, வீட்டு வேலை ஓய்ந்த பிறகு.

சிஸ்டர் லீவு போட்டால் போன் நின்றுவிடுகிறது. இன்னொருவரைப் பழக்கினோம், அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். சென்னையில் நர்ஸ்கள் வெளிநாட்டுக்கும் பெரிய மருத்துவமனைகளுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் அட்டையைக் கையில் எடுக்கும் வரை லைனில் காத்திருக்கும் பொறுமையைத் தாளில் எழுத முடியவில்லை. புதிதாக வருபவரை ஒரு வாரம் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் சரியாகவில்லை. அன்று சம்மரி டைப் செய்ய ஆள் குறைவு, காப்பீட்டு டெஸ்க் அரை நாள். ஞாயிறு போக வேண்டியவர்கள் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போகிறார்கள். திங்கட்கிழமைதான் எங்களுக்கு அட்மிஷன் அதிகம். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு நாள் ஆள் கேட்டிருக்கிறேன். தலைமை டாக்டர், முதலில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளின் மணிக் கணக்கை எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இரண்டு வாரம் எழுதியாயிற்று. இன்னும் இரண்டு பாக்கி.